புழுக்கையைக் கழுவிப் பார்த்தவன்

எங்கள் வீட்டு டீ வடிகட்டி ஒன்று மூன்று மாதமாகச் சாளைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. இனி அது அடுப்படிக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதில் நான் ஆட்டுப் புழுக்கையைக் கழுவினேன்.

ஏன் கழுவினேன் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். மூக்கைப் பொத்துகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நமக்கு மூலனூர்ப் பக்கம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் விவசாயி, இல்லாவிட்டால் ஆட்டுக்காரன் என்று வாழும் ஊர். கொஞ்சம் கொறங்காடு உண்டு. வெளியூர்க்காரர்களுக்குக் கொறங்காடு என்றால் தெரியாது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். உழுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஆடு மாடு மேய்வதற்கென்றே பரம்பரையாக விட்டுவைத்த நிலம். அதில் மேய்வது மேச்சேரி ஆடு. இளம்பழுப்புத் தோல், கம்பளி கிடையாது, பெட்டை ஆடு ஏறக்குறைய 25 கிலோ நிற்கும். எங்களிடம் முப்பத்திச் சொச்சம் உருப்படி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பரண் ஒன்று போட்டேன். பலகை இடைவெளியில் புழுக்கை கீழே விழும், மேலே ஆடு சுத்தமாக நிற்கும். ஆறு கிடாக்குட்டிகளை மேய்ச்சலிலிருந்து பிரித்து அதில் ஏற்றி, கொட்டிலிலேயே தீனி போட்டு, மூன்று நான்கு மாதத்தில் எடை ஏற்றி விற்பதாகத் திட்டம். மக்காச்சோளத்தை மாவாக அரைத்தேன். தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் கலந்தேன். தட்டு அறுக்கும் மெஷினில் சோளத்தட்டைப் பொடிப் பொடியாக வெட்டினேன். போடப் போடத் தின்றன. நானும் மகிழ்ந்து போய் இன்னும் போட்டேன்.

இரண்டாம் மாதம் தொங்கு தராசில் தூக்கிப் பார்த்தபோது, தீனிச் செலவு ஏறிய வேகத்துக்கு எடை ஏறவில்லை. ஆனால் பரணுக்கு அடியில் எரு மட்டும் அமோகமாகக் குவிந்திருந்தது.

அப்பாரு, அதாவது தாத்தா, வந்தார். எண்பது தாண்டியவர், தடியை ஊன்றிக் குனிந்து பரணுக்கு அடியில் கிடந்ததை ஒரு கை அள்ளி, விரலில் நசுக்கி, முகர்ந்தும் பார்த்தார்.

“ஏனுங்க அப்பாரு, என்ன பாக்கறீங்க?”

“தின்னதெல்லாம் வயித்துல தங்குலியே கண்ணு. வந்த வேகத்துல கீழ போய்க் கெடக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்ன “தங்குலியே” என்ற ஒரு சொல்லில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் போட்டி வாங்குகிறவர்களுக்கு ஆட்டின் வயிறு நன்றாகவே தெரியும். துவாலை மாதிரி சொரசொரவென்று இருக்கிறதே, அதுதான் முதல் வயிறு. நான்கிலும் பெரியது என்பதால் பெருவயிறு என்று வைத்துக்கொள்வோம். அதை ஒட்டினாற்போல் தேனடை மாதிரிக் கட்டம் கட்டமாக இரண்டாவது. ஏடு ஏடாக மடிந்து, கழுவுவதற்குள் உயிரை வாங்கும் மூன்றாவது. நமக்கு இருப்பது போன்ற, அமிலம் சுரக்கிற நிஜ வயிறு நான்காவதுதான். ஆடு புல்லை அவசரமாக மென்று விழுங்குகிறது. அது பெருவயிற்றில் போய் ஊறுகிறது. அங்கே ஒரு சொட்டு நீரில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். பாக்டீரியா, ஓரணு உயிர்கள், ஒருவகைப் பூஞ்சை. புல்லின் நாரை உடைக்கிற வேலை இவற்றுடையது; ஆட்டின் சொந்தச் சுரப்பு எதற்கும் நாரை உடைக்கத் தெரியாது. நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று சில அமிலங்களை விடுகின்றன. ஆட்டுக்குக் கிடைக்கிற தெம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த அமிலங்களிலிருந்துதான். துவாலையில் நீட்டிக்கொண்டிருக்கிற சொரசொரப்பு, அவற்றை உறிஞ்சுவதற்காக.

இந்த வேலைக்கு நேரம் வேண்டும். ஒருநாள் காலையில் தின்ற தட்டு, மறுநாள் முழுக்க உள்ளேயே கிடந்து, அதற்கும் அடுத்த நாள் வெளியே வரலாம். நடுவில் அதை மறுபடி மறுபடி வாய்க்கு எடுத்து அசை போட வேண்டும். நல்ல நார்த்தீனி தின்கிற ஆடு ஒரு நாளில் எட்டு மணி நேரம்கூட அசை போடும். இரண்டாவது வயிற்றிலிருந்து மூன்றாவது வயிற்றுக்குப் போகிற வாசல் குறுகலானது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே பொடிந்தால்தான் செம்மறியின் வயிற்றில் துணுக்குகள் அந்த வாசலைச் சுலபமாகத் தாண்டும். பெரியவை உள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

ஆக, வயிற்றுக்குள் இரண்டு ஓட்டம் ஒரே சமயத்தில் நடக்கிறது. நுண்ணுயிர்கள் தின்று முடிப்பது ஒன்று. வயிறு தள்ளிவிடுவது ஒன்று. தள்ளுவது முந்திக்கொண்டால், தின்ன வேண்டியது தின்னப்படாமலேயே புழுக்கையாகிறது.

செக்கில் எண்ணெய் ஆட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எள்ளைப் போட்டு நிதானமாக ஆட்டினால் புண்ணாக்கு வறண்டு வரும். அவசரப்பட்டு எடுத்தால் எண்ணெய் புண்ணாக்கிலேயே நின்றுவிடும். என் ஆறு கிடாக்களும் என்னால் அவசரச் செக்காகியிருந்தன.

இதை முறையாக அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஏர் என்ற ஊரின் பக்கம் ஹன்னா பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கென்னத் பிளாக்ஸ்டர், கிரஹாம், வெயின்மேன் மூவரும் 1956-ல் எழுதிய ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரே உலர்புல். அதை அப்படியே நீளமாகவும், அரைத்துக் கட்டியாக்கியும், வெவ்வேறு அளவில் செம்மறிகளுக்குப் போட்டார்கள். சாயம் ஏற்றிய துணுக்குகளைத் தீனியில் சேர்த்து, அவை எப்போது புழுக்கையில் வருகின்றன என்று எண்ணினார்கள். கூலிக்கு ஆள் வைத்தாலும் இந்த வேலைக்கு இங்கே யாரும் வரமாட்டார்கள். அவர்கள் கண்டது: தீனி கூடக் கூட, வயிற்றில் அது தங்கும் நேரம் குறைகிறது, அதோடு செரிக்கும் விகிதமும் குறைகிறது. நீளப் புல்லைவிட நன்றாக அரைத்த புல்லில் இந்தச் சரிவு அதிகம். அரைத்ததுதான் ஏற்கெனவே வாசலைத் தாண்டும் அளவுக்குப் பொடியாக இருக்கிறதே, அது எதற்காக உள்ளே காத்திருக்க வேண்டும்?

எல்லாச் சத்தும் ஒரே மாதிரி அடி வாங்குவதில்லை. சர்க்கரை வந்த வேகத்தில் கரைந்துவிடும், மாவுச்சத்து பெருவயிற்றில் தப்பினால் சிறுகுடலில் கொஞ்சம் பிடிபடும். நார்தான் பெரும்பாலும் போய்விடும். நார் உடைவதற்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். பெருங்குடலில் ஒரு சின்னப் புளிப்பு நடந்து கொஞ்சத்தை மீட்கும் என்றாலும் முழுக் கணக்கை அது ஈடு செய்யாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் பரணில் அளந்தவை அல்ல, விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. 25 கிலோ ஆடு. ஈரம் நீக்கிய காய்ந்த எடையில் 500 கிராம் தின்கிறது, அதில் நூற்றுக்கு 65 பங்கு செரிக்கிறது. உடம்புக்கு 325 கிராம், புழுக்கைக்கு 175. இப்போது தீனியை இரட்டிப்பாக்கி 1 கிலோ போடுகிறோம். செரிப்பது 58 பங்காக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு 580, புழுக்கைக்கு 420. இரண்டாவது அரைக் கிலோவிலிருந்து உடம்பில் சேர்ந்தது 255 கிராம்தான். முதல் அரைக் கிலோவுக்குக் கொடுத்த அதே விலையைத்தானே இதற்கும் கொடுத்தோம்? எரு மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு “அப்போ கம்மியாப் போட்டாப் போதும்” என்று ஒரு நண்பர் கிளம்பிவிட்டார். அதுவும் தப்பு. கணக்கை மறுபடி பாருங்கள், மொத்தமாக உடம்பில் சேர்ந்தது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உயிர் தரிக்க மட்டும் தின்கிற ஆடு நன்றாகச் செரித்துவிட்டு அப்படியே நிற்கும். வளர வேண்டிய குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அதற்கு மேல் தின்றாக வேண்டும். எந்த இடத்தில் கூடுதல் கிலோ காசுக்கு ஆகாமல் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் ஒவ்வொரு பட்டிக்கும் ஒவ்வொரு தீனிக்கும் மாறும். தராசும் புழுக்கையும்தான் சொல்ல வேண்டும்.

இனி இதற்கு நேர் எதிர்ப் பக்கம். சித்திரை, வைகாசியில் கொறங்காட்டில் புல் கருகிக் கிடக்கும். போரிலிருந்து சோளத்தட்டு உருவிப் போடுவோம். அப்போது ஆடு அதிகம் தின்று கெடுவதில்லை. தின்ன முடியாமல் கெடுகிறது. வயிறு புடைத்திருக்கும், முதுகெலும்பு துருத்தியிருக்கும். பார்க்கிறவர்கள் “வயிறு நிறைஞ்சுதான இருக்குது” என்பார்கள். நிறைந்திருப்பதுதான் பிரச்சினை. தட்டில் புரதம் மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் பெருக நைட்ரஜன் வேண்டும், அது இல்லாமல் அவை சோர்ந்து கிடக்கின்றன. நார் உடைய நாளாகிறது. உடையாதது வாசலைத் தாண்டாது. தாண்டாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், பசித்தாலும் அடுத்த வாய் தின்ன இடமில்லை. பரணில் ஓடித் தொலைத்தது இங்கே நின்று தொலைக்கிறது.

இந்த நிலைமையில் ஆடு ஒரு தந்திரம் செய்கிறது. ரத்தத்தில் இருக்கிற யூரியாவை மூத்திரத்தில் முழுக்க விட்டுவிடாமல், ஒரு பங்கை எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்புகிறது. கழிவைக்கூட நுண்ணுயிர்களுக்குத் தீனியாக்கும் சிக்கனம். அதுவும் போதாதபோது நாம் கை கொடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் கடலைக்கொடி, அகத்தி, சவுண்டல், வேலிமசால், எது கையில் இருக்கிறதோ அது. இங்கே கணிதம் தலைகீழாகிவிடும்: கொஞ்சம் நல்ல தீனி சேர்த்தால் ஆடு தட்டை இன்னும் அதிகமாகத் தின்னும், தின்றது முன்பைவிட நன்றாகவும் செரிக்கும். வைக்கோலுக்கும் தட்டுக்கும் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்கிற முறையும் இதே காரணத்துக்காகத்தான். அளவு மீறினால் யூரியாவே ஆட்டைக் கொன்றுவிடும் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் போவதில்லை. அகத்தி யாரையும் கொன்றதில்லை.

அப்பாரு இதில் இன்னொரு வழி வைத்திருந்தார். தட்டை வெட்டமாட்டார். முழுத்தட்டாகவே, அதுவும் தேவைக்கு மேல் தாராளமாக அள்ளிப் போடுவார். ஆடு தோகையை உருவும், நுனியைக் கடிக்கும், அடித்தண்டை விட்டுவிடும். மிச்சத் தண்டு எருக்குழிக்கோ அடுப்புக்கோ போகும். சின்ன வயதில் எனக்கு இது வீண்செலவாகத் தெரிந்தது. மெஷின் வாங்கியதும் பெருமையோடு எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் போட்டேன், ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றன. இப்போது புரிகிறது. செம்மறிக்கு உதடு கூர்மை. இலையையும் தண்டையும் பிரித்து எடுக்கத் தெரியும். தாராளமாகப் போட்டால் நல்லதைப் பொறுக்கித் தின்னும், அதனால் தின்றதன் தரமே கூடிவிடும். நான் வெட்டிப் போட்டபோது அந்தப் பொறுக்கும் வாய்ப்பைப் பிடுங்கிவிட்டேன். மெஷின் தப்பில்லை, தட்டு பஞ்சமாக இருக்கிற வருடத்தில் அதுதான் சரி. போர் நிறையத் தட்டு இருக்கிற வருடத்தில் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்குத்தான் பதில் இல்லை.

இப்போது சொல்லத் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன்.

போன தை மாதம் மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் காயப்போட்டிருந்தோம். பட்டிப் படலை நான்தான் சரியாகக் கட்டவில்லை. விடிகாலையில் போய்ப் பார்த்தால் ஏழெட்டு ஆடு களத்தில் நின்றுகொண்டிருந்தன. விரட்டிவிட்டு, தின்றது தின்றுவிட்டுப் போகிறது, ஒருநாள் விருந்து என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பியபோது மூன்று ஆடு பின்தங்கின. ஒரு பெட்டை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அசை போடவில்லை. இடது விலாப்பக்கம் கையை வைத்து அழுத்தினால் பாதி நிறைந்த குடம் மாதிரி உள்ளே தண்ணீர் களக் களக்கென்றது. மறுநாள் புழுக்கை இல்லை, மஞ்சளாகத் தண்ணீராகக் கழிந்தது, புளித்த மாவு வாடை. கண் குழிக்குள் போயிருந்தது.

நடந்தது இதுதான். நார்த்தீனியில் பழகிய பெருவயிற்றில் நாரை உடைக்கிற கூட்டம்தான் அதிகம். திடீரென்று அவ்வளவு மாவுச்சத்து விழுந்ததும், மாவைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகிற வேறொரு கூட்டம் வெறிபிடித்துப் பெருகிவிட்டது. அமில அளவைக் காட்டும் பி.எச். எண், சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டியது, 5.5-க்குக் கீழே சரிகிறது. எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடுகிறது. அந்தப் புளிப்பில் நாரை உடைக்கிறவை செத்துப்போகும், ஓரணு உயிர்கள் போய்விடும், வயிற்றின் அசைவு நின்றுவிடும். வயிற்று நீர் அடர்த்தியாகிவிடுவதால் உடம்பிலிருக்கிற தண்ணீரையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் கேட்ட களக் களக் சத்தம் ஆட்டின் சொந்த ரத்தத்திலிருந்து வந்த தண்ணீர். கண் குழிவிழுந்தது அதனால்தான்.

கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்புக் கரைசல் ஊற்றி, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி ஒன்றைக் காப்பாற்றினார். இரண்டு போய்விட்டன. “அன்னைக்குக் காலைலயே கூப்பிட்டிருக்கலாமே” என்றார், திட்டாமல். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சோடா உப்பு ஏன் என்றால், ஆடு தானே செய்ய வேண்டியதைத்தான் அது வெளியிலிருந்து செய்கிறது. ஒரு செம்மறி நாளொன்றுக்கு 6 லிட்டரிலிருந்து 16 லிட்டர் வரை எச்சில் சுரக்கும். அதில் இருக்கிற பைகார்பனேட், சமையல் சோடாவில் இருக்கிற அதே சரக்கு, வயிற்றுப் புளிப்பை நாள் முழுக்கச் சமன் செய்துகொண்டே இருக்கிறது. எச்சில் சுரப்பது மெல்லும்போதும் அசை போடும்போதும்தான் அதிகம். மாவாக அரைத்துப் போட்டால் மெல்ல வேலை இல்லை, அசை போட நார் இல்லை, எச்சிலும் குறைவு. புளிப்பு மட்டும் கூடும். என் பரணில் கிடாக்களின் புழுக்கை உருண்டையாக இல்லாமல் ஒட்டிக் கட்டியாக விழுந்ததே, அது இதே நோயின் மெல்லிய வடிவம். சாகவில்லை, அவ்வளவுதான்.

அதிகம் தின்பதால் வருகிற இன்னொரு சாவு துள்ளுமாரி. ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் தளதளவென்று கிளம்பும்போது, பட்டியிலேயே கொழுத்த, தாய்ப்பாலும் நிறையக் குடித்து, புல்லையும் முட்டி முட்டித் தின்ற குட்டி ஒன்று காலையில் செத்துக் கிடக்கும். சில சமயம் கண்ணெதிரே துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் இழுத்து, கால் உதைத்துப் போகும். நோஞ்சான் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஊரில் இதைக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. நல்ல குட்டியாகப் பார்த்துப் போகிறதே, கண்ணேறு என்று தோன்றாமல் என்ன செய்யும்? உண்மையில் இதை உண்டாக்குகிற பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்பதன் ‘டி’ வகை, ஆட்டின் குடலில் ஏற்கெனவே கொஞ்சமாக இருப்பதுதான். நான் முதலில் சொன்ன அதே விஷயம் இங்கேயும் நடக்கிறது. தின்றது வேகமாக ஓடிவிடுவதால் முழுக்கச் செரிக்காத சர்க்கரையும் மாவும் சிறுகுடலுக்கு வந்து சேர்கின்றன. காத்திருந்த கிருமிக்கு அது விருந்து. பெருகி, நஞ்சை விட்டு, ரத்தத்தில் கலந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். வைத்தியத்துக்கு நேரமே இருக்காது. மழைக்கு முன்னால் தடுப்பூசி போடுவதும், முதல் மழைப் புல்லில் குட்டிகளை வெறும் வயிற்றோடு விடாமல் கொஞ்சம் தட்டோ கொடியோ காட்டிவிட்டு விடுவதும்தான் வழி. மழைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதையும் மறக்கக்கூடாது.

குட்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறந்த குட்டிக்குப் பெருவயிறு பேருக்குத்தான் இருக்கும். நான்காவது வயிறுதான் பெரியது. பால் குடிக்கும்போது தொண்டைக் குழாயின் கடைசியில் ஒரு மடிப்பு வாய்க்கால் மாதிரி மூடி, பாலை முன்வயிறுகளில் விழாமல் நேரே கொண்டுபோய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் குட்டி தழையைக் கொறிக்க ஆரம்பிக்கும். அந்தக் கொறிப்பில் வருகிற அமிலம்தான் துவாலைச் சொரசொரப்பை வளர்க்கிறது. தின்னத் தின்னத்தான் வயிறே உருவாகிறது. சினை ஆட்டில் இதற்கு நேர்மாறு: கடைசி மாதத்தில் குட்டி வளர்ந்து பெருவயிற்றை ஒரு பக்கமாக நெருக்கிவிடும். தேவை அதிகமாக இருக்கிற சமயத்தில் இடம் குறைவு. அப்போது வெறும் தட்டைப் போடுவதைப் போல் ஒரு தவறு இல்லை.

சரி, வடிகட்டிக்கு வருவோம்.

ஆராய்ச்சி நிலையங்களில் கிடாவுக்குப் பின்னால் பை கட்டி, மொத்தப் புழுக்கையையும் பிடித்து, காயவைத்து எடை போடுவார்கள். தின்றதில் அதைக் கழித்தால் செரித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். என்னிடம் பையும் இல்லை, பொறுமையும் இல்லை. பரணுக்கு அடியில் நிழல்வலை கட்டிப் பத்துப் புழுக்கை பொறுக்கினேன். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் கரைத்து, வடிகட்டியில் ஊற்றி, குழாயடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினேன். மிச்சம் நின்றதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். அது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மாவுத்தீனியை அள்ளி அள்ளிப் போட்ட நாட்களின் புழுக்கையில் நகக்கண் நீளத்துக்குத் தட்டுச் சிம்புகள், கசங்காத ஓரத்தோடு, வெட்டிய மெஷின் கத்தியின் தடம்கூடத் தெரிகிற மாதிரி. சாளையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு, அப்பாரு பஞ்சாங்கம் பார்ப்பது. அதில் பார்த்தபோது தவிட்டுத் தோலும் மாவுத் துணுக்கும் வெள்ளையாக ஒட்டியிருந்தன. காசு கொடுத்து வாங்கிய தீனியை அப்படிப் பார்ப்பதற்கு மனம் என்னவோ செய்தது. பக்கத்திலேயே மேய்ச்சல் ஆட்டின் புழுக்கையையும் அலசினேன். காப்பி வடித்த மண்டி மாதிரி, கருத்து, மிருதுவாக, ஒரே சீராக இருந்தது.

அதற்குப் பிறகு மாற்றியது இவ்வளவுதான். மக்காச்சோளத்தை மாவாக்குவதை நிறுத்தினேன். ஒன்றிரண்டாக உடைப்பதோடு சரி. அளவைக் குறைத்து, ஒரே வேளையாகக் கொட்டாமல் நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்தேன். முதலில் தட்டு, அரைமணி கழித்துத்தான் சோளம். புதுக் குட்டி பரணில் ஏறினால் முதல் நாள் ஒரு பிடி, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டல். நுண்ணுயிர்க் கூட்டம் இடம் மாற அவ்வளவு நாள் ஆகும். தட்டு வெட்டுகிற நீளத்தையும் கூட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பரண் முன்னால் உட்கார்ந்து எத்தனை அசை போடுகின்றன என்று எண்ணுவேன். முன்பு ஆறில் ஒன்றோ இரண்டோ. இப்போது நான்கு ஐந்து படுத்துக்கொண்டு தாடையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஒரு உருண்டை தொண்டைக்கு மேலேறி வருவது கழுத்தில் தெரியும். எண்ணினால் அறுபது எழுபது தடவை மென்றுவிட்டு விழுங்கும், சில விநாடி சும்மா இருக்கும், அடுத்தது ஏறும். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடும்.

எடை? கூடியிருக்கிறது. எவ்வளவு என்று எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள், ஆறு கிடாவை வைத்து நானும் பெரிதாகப் பேச முடியாது. தீனிச் செலவு இறங்கியது நிச்சயம். பரணுக்கு அடியில் எரு குறைந்துவிட்டது, தோட்டத்து முருங்கைக்குத்தான் நட்டம்.

இப்போது கோடை. வெள்வேலங்காய் உதிர ஆரம்பித்துவிட்டது. காற்றடித்தால் மரத்தடியில் ஆடுகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். காயைத் தின்று செரித்துவிடும், கொட்டைகளில் பல மட்டும் கெட்டித் தோலோடு முழுசாகவே புழுக்கையில் வந்து விழும். மழை பெய்ததும் பட்டி எருவிலிருந்து வெள்வேலங்கன்று முளைப்பது அதனால்தான். கொறங்காட்டு மரங்களில் எத்தனையோ இப்படி ஆட்டு வயிற்றில் பயணம் போய் வந்தவை.

இன்று காலை பரணில் மூன்றாம் கிடாவின் புழுக்கை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு விழுந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் தம்பி மகன் பாசத்தில் கூடுதலாக ஒரு படி சோளம் போட்டானாம். மதியச் சோளத்தை நிறுத்திவிட்டு வெறும் கடலைக்கொடி கட்டியிருக்கிறேன். அசை போடுகிறதா என்று பார்க்கப் போக வேண்டும்.